தோற்றவர் வீட்டுக்குப் போன மைக்காரன்

வாக்கு எண்ணி முடித்த அன்று மத்தியானம் வேட்பாளருக்கு ஆறுதல் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். அதோடு உள்ளூரில் என் பிழைப்பு முடிந்தது.

ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்வது என் தொழில். திருவிழா, கடைத் திறப்பு, தேர்தல், எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். மேனாம்பேட்டில் கவுன்சிலருக்கு நின்றவர் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். பிரசாரத்தில் என் ஆட்டோ முன்னால் போகும், அவர் ஜீப் பின்னால் வரும். 'வேட்பாளர் வருகிறார்' என்று நான் சொன்னதும் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வருவார்கள். அவர் இறங்கிப் பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சொந்தக்காரர்கள் தெருவில் வாசலுக்கு வாசல் இறங்கினார். பின்தெருவில் இருப்பவர்கள், ஒரு காலத்தில் அவர் குடும்ப நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். இப்போது தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே ஜீப்பில் நின்றபடியே கும்பிட்டார். நான் ஓடிப்போய், ஐந்து நிமிஷம் இறங்கச் சொல்லிக் கெஞ்சினேன். வெயில் அதிகம், வண்டியை எடு என்றார்.

தட்டோடு நின்ற ஒரு பெண் என்னிடம்தான் கேட்டாள்.

"இன்னாண்ணா, கூப்ட்டு நிக்க வச்சிட்டு நீங்க பாட்டுக்குப் போய்க்கினே கீறீங்க?"

சுற்றாத ஆரத்தியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் தெரு ஓட்டு எங்கே போகும் என்று ஜீப்பில் நின்ற அத்தனை பேருக்கும் அப்போதே தெரியும்.

தோற்ற அன்று அதே ஆட்கள் அவர் வீட்டுக் கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் முதலில் ஓட்டு மெஷினைத் திட்டினார், பிறகு மச்சானைத் திட்டினார். அப்போதுதான் நான் உள்ளே நுழைந்தேன்.

"வந்துட்டான் பாரு. இவன் கொரலுக்கு ராசியே இல்லன்னு சொன்னாங்க. நாந்தான் கேக்கல."

பின்தெருவில் இறங்கியிருந்தால், என்று ஆரம்பித்தேன். ஜீப்பில் அவர் பக்கத்திலேயே நின்று வந்த கோயில் கமிட்டிச் செயலாளர் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆடித் திருவிழாவுக்கு வேறு மைக் கட்டினார்கள். செயலாளரிடமே போய் நியாயம் கேட்டேன்.

"உம்மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியாதா நைனா? ராசியில்லன்னு பேரு வந்துபோச்சு. சாமி காரியம், நான் இன்னா பண்றது?"

இப்போது திருநின்றவூர் தாண்டித்தான் வேலை கிடைக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். உங்கள் வேட்பாளர் ஜெயித்தால் மாலையோடு போங்கள். தோற்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடுங்கள். பழி போட அவருக்கு அன்றைக்கு ஓர் ஆள் வேண்டும், எதிர்த்துக் கேட்க முடியாத ஆளாக இருந்தால் ரொம்ப வசதி.