கருங்குழியில் நிற்காத பஸ்

சிவப்பு வந்தால் எனக்குப் பயமில்லை. எங்கோ உடைந்திருக்கிறது, போய்ப் பார்த்துச் சரி செய்யலாம். இந்தப் பச்சை இருக்கிறதே, அதுதான் என் உயிரை வாங்கியது.

சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பொட்டி தட்டுகிற வேலை எனக்கு. ஒரு இடத்திலிருக்கும் தகவலை எடுத்து, சலித்து, இன்னொரு இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற புரோகிராம்களை, நாங்கள் பேக்கேஜ் என்போம், பார்த்துக்கொள்ள வேண்டும். படிகள் ஒழுங்காக ஓடினால் திரையில் பச்சை டிக், உடைந்தால் சிவப்பு. எங்கள் டீமிடம் இருந்த பேக்கேஜ்களில் ஒன்று ஒரகடம் பக்கம் இருக்கும் ஒரு தொழிற்சாலையுடையது. புதிதாகச் சேர்ந்தவர்களில் யார் யார் எந்த ஷிப்டுக்கு எந்த ஸ்டாப்பில் ஏறுவார்கள் என்று தினமும் எடுத்து, பஸ் டிரைவர்களின் போனுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். கேட்டால் சிரிப்பீர்கள், அவ்வளவு சின்ன வேலை.

அந்தத் தொழிற்சாலையில்தான் என் அக்கா வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கருங்குழியில் வீடு. எங்கள் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். நான் படித்து இந்தப் பக்கம் வந்துவிட்டேன், அக்கா பத்தாவதோடு நின்றவள். அவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ‘நிரந்தரம்’ என்று எழுதிக் கொடுக்கப்போகிற வேலை அது. பயிற்சிக் காலம் முடியும்வரை சொல்லாமல் லீவு போடக்கூடாது, அதுதான் நிபந்தனை. அக்கா காய்ச்சலோடுகூடப் போய் நின்றாள்.

ஒரு திங்கட்கிழமை மதியம் போன் செய்தாள். குரலே சரியில்லை.

“பஸ்ஸு நிக்காம பூட்ச்சிடி. நானும் கூட வேலை செய்ற பொண்ணும் வெயில்ல நின்னுகினு கீறோம். கைய காட்றோம், அவன் சர்வீஸ் ரோட்டுலயே எறங்கல, நேரா மெயின் ரோட்டுலயே பூட்டான்.”

“வேற பஸ் புடிச்சுப் போயிடுக்கா.”

“போய்? கேட்டு சாத்திடுவான். லேட்டுன்னா ஆப்சென்ட்டுதான். நீ இன்னா பேசற?”

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இரண்டாம் ஷிப்ட். மறுநாளிலிருந்து சொந்தக் காசில் முன்னாடியே கிளம்பி, மூன்று வண்டி மாறிப் போனாள். அடுத்த வாரம் காலை ஷிப்ட். பஸ் சமர்த்தாக வந்து நின்று ஏற்றிக்கொண்டு போனது. சரி, டிரைவர் ஏதோ அசந்துவிட்டான் போலிருக்கிறது என்று எல்லோரும் விட்டுவிட்டோம். அதற்கடுத்த வாரம் மறுபடி இரண்டாம் ஷிப்ட், பஸ்ஸை நம்பி நின்றார்கள், மறுபடி நிற்காமல் போனது.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “உன் பேரே லிஸ்டுல இல்லியேம்மா. நீ பஸ்ஸே கேக்கல. வூட்ல தூங்கிட்டு வந்து கதை சொல்றியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். இன்னும் ஒரு நாள் ஆப்சென்ட் ஆனால் நிரந்தரம் கிடையாது, வீட்டுக்குப் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். அக்கா இதைச் சொல்லும்போது அழவில்லை. “நான் பொய் சொல்றேனாம்டி” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். லிஸ்ட் அனுப்புவது எங்கள் பேக்கேஜ்!

மறுநாள் எங்கள் டீம் லீடிடம் போய் நின்றேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பச்சையை மட்டும் நம்புகிறவர்.

“பாரும்மா” என்று திரையைத் திருப்பிக் காட்டினார். “போன மாசம் பூரா பச்சை. ஒரு சிவப்பு இருக்கா? பிரச்சனை டிரைவர்கிட்ட, இல்லன்னா அவங்க ஆபீஸ்ல. நம்ம பக்கம் கிளீன்.”

“பச்சைன்னா ஓடிச்சுன்னுதான அர்த்தம்? சரியா ஓடிச்சுன்னு யார் சொன்னது?”

“டெஸ்ட் பண்ணித்தானே ஏத்தினோம்?”

டெஸ்ட்! எங்கள் ஆபீஸ் டெஸ்டைப் பற்றி நான் சொல்லித்தான் ஆக வேண்டும். மாலையில் ஆபீஸ் விடுகிற ஷட்டில் பஸ்ஸைத் தவறவிட்டால் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் மாறி மாறி அலைந்து, நான் கூடுவாஞ்சேரி போய்ச் சேருவதற்குள் பிராணன் போய்விடும். என் கதைதான் எல்லோருக்கும். அதனால் ஷட்டில் கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க எங்கள் டீமில் எல்லா டெஸ்டும் பாஸ் ஆகிவிடும். எப்போதோ யாரோ பழைய காலை ஷிப்ட் தேதி ஒன்றை மாதிரிக்குப் போட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் அதையே ஓட்டுவோம், பச்சை வரும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவோம். அந்தத் தேதியை மாற்றிப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. மாற்றி, ஏதாவது உடைந்து, ஷட்டில் போய்விட்டால்?

இரண்டு நாள் அந்தப் பேக்கேஜை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். பச்சை. மறுபடி ஓட்டினேன். பச்சை. கம்ப்யூட்டரைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டால் என்ன என்று இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவன், “ஏன் இப்படிப் பல்லைக் கடிக்கறீங்க, ஓடுதுல்ல?” என்றான். ஓடுவதுதானப்பா என் பிரச்சனை என்று அவனிடம் எரிந்து விழுந்தேன், பாவம்.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, காலை ஷிப்டுக்கு நிக்குது, மதிய ஷிப்டுக்கு நிக்கல. ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?”

“இன்னா வித்தியாசம், ஒண்ணு காலைல, ஒண்ணு மதியம். மதியம் போனா வூட்டுக்கு வர மறுநாளு ஆய்டும். பன்னெண்டு மணிக்கு மேலதான வுடறான்.”

மறுநாள். இந்தச் சொல்லைக் கேட்டதும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். காலை ஷிப்ட் தொடங்குவதும் முடிவதும் ஒரே தேதியில். இரண்டாம் ஷிப்ட் தொடங்குவது இன்று, முடிவது நாளை. மாதிரித் தேதியை அழித்துவிட்டு, தொடக்கத்துக்கு இன்றைய தேதியையும் முடிவுக்கு நாளைய தேதியையும் போட்டு ஓட்டினேன். பச்சைதான் வந்தது. ஆனால் எடுத்த வரிகள் பூஜ்யம். ஒரு பெயர்கூட இல்லை. எச்சரிக்கை இல்லை, பிழை இல்லை. ஆளே இல்லாத லிஸ்டை எடுத்து, பத்திரமாக டிரைவருக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்தது என்று டிக் அடிக்கிறது. அட கண்றாவியே!

பிறகு க்வெரியைத் திறந்தேன். தகவல் கிடங்கிடம் கேட்கும் கேள்வி அது. அதில் தேதி வரவேண்டிய இடங்களில் கேள்விக்குறி இருக்கும். எந்தத் தேதி எந்தக் கேள்விக்குறிக்குப் போக வேண்டும் என்று தனியாக ஒரு பட்டியலில் பொருத்தி வைத்திருப்போம். முன்பெல்லாம் பெயரைச் சொல்லிப் பொருத்தினோம், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று. சர்வர் மாறியபோது இணைப்பின் வகையும் மாறியது. புதிய இணைப்புக்குப் பெயர் புரியாது, எண்தான் புரியும். முதல் கேள்விக்குறி பூஜ்யம், அடுத்தது ஒன்று. பந்தியில் அவரவர் பெயர் போட்ட இலையில் உட்கார்ந்தவர்களை, இனிமேல் வருகிற வரிசைப்படி உட்காருங்கள் என்று சொன்ன மாதிரி.

அன்றைக்குப் பெயர் புரியவில்லை என்று சிவப்பு வந்திருக்கிறது. நம் லீடு பட்டியலில் மேலிருந்து கீழாகப் பெயர்களை அழித்துவிட்டு, பூஜ்யம், ஒன்று என்று போட்டிருக்கிறார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. எனக்கு அந்த மாலை நன்றாக நினைவிருக்கிறது, கை தட்டி, சமோசா தின்று, ஷட்டிலுக்கு ஓடினோம். க்வெரியில் முதல் கேள்விக்குறி முடிவுத் தேதிக்கானது என்பதை யாரும் பார்க்கவில்லை. அதை எழுதியவர் ஏனோ முடிவை முதலில் எழுதிவிட்டுத் தொடக்கத்தைப் பின்னால் எழுதியிருந்தார். ஆக, நாளைக்குத் தொடங்கி இன்றைக்குள் முடிகிற ஷிப்ட் யாருக்கு இருக்கிறது என்று எங்கள் பேக்கேஜ் தினமும் மதியம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஒரு ஷிப்ட் எந்த உலகத்தில் இருக்கிறது? காலை ஷிப்டுக்கு மட்டும் இரண்டும் ஒரே தேதி என்பதால் மாற்றிப் போட்டாலும் தெரியவில்லை.

எண்களை இடம் மாற்றி ஓட்டினேன். பெயர்கள் மளமளவென்று வந்து விழுந்தன. கருங்குழி ஸ்டாப்பில் அக்காவின் பெயர் இருந்தது. ஒரே ஒரு பெயர். மற்ற ஊர்களில் நிரந்தர ஊழியர்களுக்காக பஸ் எப்படியும் நிற்கும், புதியவர்கள் கூடவே ஏறிக்கொள்வார்கள். கருங்குழியில் அந்த ஷிப்டுக்கு நிரந்தர ஊழியர் யாரும் கிடையாது. அதனால்தான் வேறு எங்கிருந்தும் புகார் வரவில்லை.

கூட நிற்கும் அந்தப் பெண்ணின் பெயர் எங்கே என்று அக்காவைக் கேட்டேன்.

“அவளா? அவள முந்தாநாளே வோணான்னு சொல்லிட்டாங்கடி. எனக்கு முன்னாடி சேந்தவ, அப்பவே ஒரு தபா அவளுக்கு பஸ்ஸு நிக்கல. அவளுக்கு மூணு ஆப்சென்ட்டு ஆய்ட்ச்சி.”

லீடிடம் எல்லாவற்றையும் காட்டினேன். முகம் வெளுத்தது. திருத்தத்தை அன்றே ஏற்றிவிடச் சொன்னார், அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் இந்தப் பிரச்சனைக்காகப் பதிந்திருந்த புகார் டிக்கெட்டை மூடும்போது என்ன எழுதினார் தெரியுமா? ‘சிறு அமைப்பு மாற்றம் செய்யப்பட்டது. பாதிக்கப்பட்ட வரிகள்: பூஜ்யம்.’

“பூஜ்யமா?”

“எந்தத் தகவலும் அழியலையேம்மா. டெக்னிகலா பூஜ்யம்தான்.”

“பூஜ்யம் வந்ததுதானே பாதிப்பே! பஸ் வராம ஆப்சென்ட் ஆனவங்க இருக்காங்க. தப்பு நம்மளுதுன்னு எழுதினாத்தான் அங்க அந்த ஆப்சென்ட்டை நீக்குவாங்க.”

“எழுத்துல ஒத்துக்கிட்டா அவங்க நம்மளை உரிச்சிடுவாங்க. சரியாயிடுச்சுல்ல, விடும்மா.”

“விட முடியாது. அதுல ஒருத்தி எங்க அக்கா.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது சொல்கிறாளே என்ற பார்வை. இருக்கட்டும். என் சீட்டுக்கு வந்து, நடந்தது அத்தனையும் தொழிற்சாலைக்கு மெயில் எழுதினேன். சர்வர் மாறியதிலிருந்து இரண்டாம் ஷிப்ட் லிஸ்ட் காலியாகவே போனது, பஸ் நிற்காததற்கு ஊழியர்கள் பொறுப்பல்ல, எங்கள் பிழைதான் என்று. லீடின் பெயரையும் மேலே இருப்பவர்களின் பெயர்களையும் சேர்த்தே அனுப்பினேன். அன்று என்னோடு ஷட்டிலில் வந்தவர்கள் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

தொழிற்சாலையிலிருந்து பதில் ஒழுங்காகத்தான் வந்தது. சர்வர் மாறிய நாளிலிருந்து இரண்டாம் ஷிப்ட் லிஸ்ட்டை மறுபடி ஓட்டித் தரச் சொன்னார்கள். அதில் வரும் பெயர்களுக்கு அந்த நாட்களின் ஆப்சென்ட்டை நீக்கிவிடுவதாக எழுதினார்கள். நானே ஓட்டினேன். ஓடிற்று. பச்சை. அக்காவின் பெயர் எல்லா நாளுக்கும் வந்தது. அதை அனுப்பிவிட்டு, இத்தனை நாளில் முதல் முறையாக நிம்மதியாக டீ குடித்தேன்.

அக்கா நிரந்தரம் ஆனாள். ஆர்டர் கையில் வாங்கியவுடன், கேண்டீன் சத்தத்துக்கு நடுவிலிருந்து போன் செய்தாள். சூப்பர்வைசர் கூப்பிட்டு, ‘தப்பு உன் மேல இல்லம்மா’ என்றாராம், அதையும் எல்லோர் முன்னாலேயே சொன்னாராம். கத்திச் சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

“அவ பேரும் அந்த லிஸ்டுல போட்டியாடி?” என்று கேட்டாள்.

“யாரு?”

“எங்கூட நின்னவடி.”

“இல்லக்கா. லிஸ்ட்டு இப்ப வேலையில இருக்கறவங்களைத்தான் எடுக்கும். அவ இப்ப வேலையில இல்லியே, அதனால அவ பேரு வராது.”

எவ்வளவு தெளிவாகச் சொன்னேன்! லீடு சொன்னால்கூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. அக்கா சண்டை போடாமல், புரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“பஸ்ஸு வராததாலதானடி அவளுக்கு வேலை இல்ல?”