ஆறு மாத விசாவும் ஆறு முட்டைகளும்

“வளர்ந்த கோழி எடுத்தால் நாளைக்கே முட்டை. குஞ்சென்றால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அடை வைக்கும் முட்டையென்றால் இன்னும் மூன்று வாரம் கூட. எப்படித் தொடங்கப் போகிறார்?” த பேசின் என்ற ஊரில் பழைய இனக் கோழிகள் வளர்க்கும் வெள்ளைக்காரப் பெண்மணி என்னிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற அருந்தவன் அண்ணாவுக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அவர் வேலிக்குள் நின்ற கறுப்பு ஒஸ்ரலோர்ப் இனப் பெட்டைக்கோழியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் பட்டபோது அதன் இறகு பச்சையாக மின்னியது.

“நல்லாப் பாத்தால் எவ்வளவு காலம் இருக்குமாம், கேளுங்கோ.”

“எட்டு வருடம். பத்தும் இருக்கும்,” என்றார் பெண்மணி.

“என்ர விசாவை விடப் பரவாயில்லை.” அவரிடம் இருந்தது ஆறு மாத விசா; முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும்.

“அப்ப வளந்ததையே எடுங்கோ அண்ணா. நாளைக்கே முட்டை.”

“முட்டை கடையிலயும் கிடக்கு, தங்கச்சி. நான் முதல்ல இருந்து தொடங்கிறன்.”

ஆறு முட்டைகள் வாங்கினார். சேவல் பொரித்தால் திருப்பித் தரச் சொன்னார் அந்தப் பெண்மணி. நகரத்துக்குள் சேவல் கூவ விடமாட்டார்கள். மல்கிரேவில் எங்கள் வீடு வரும்வரை காரில் பெட்டி அவர் மடியில் இருந்தது. “ஹம்ப் வருது, மெல்ல, மெல்ல,” என்று ஒவ்வொரு வேகத்தடைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

அருந்தவன் அண்ணா எங்கள் வீட்டுப் பின்வளவில் உள்ள சிறு யூனிற்றில் குடியிருக்கிறார். பின்னேரங்களில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. படகில் வந்து பதின்மூன்று வருடம்; அதில் முதல் இரண்டு வருடம் தடுப்பு முகாமில். இப்போதும் அவருடைய அறைக்கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் ஜக்கெற் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வைத்திருப்பார்.

முட்டை பொரிக்க வைக்கும் இன்கியுபேற்றர் பழையது, முட்டைகளைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறிபோல் புள்ளடி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டு, நாளுக்கு மூன்று தரம் திருப்பினார். “தவனுக்குத் தன்ர சாப்பாடு மறந்தாலும் உது மறவாது,” என்பார் அம்மா.

நான்கு பொரித்தன. ஒன்று சேவல். அதைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, “பாவம், விசா ரிஜெக்ற்,” என்று சிரித்தவர், வரும் வழியில் வெறும் பெட்டியையும் மடியிலேயே வைத்திருந்தார்.

மற்ற மூன்றுக்கும் அவர் பெயர் வைக்கவில்லை. காலை ஏழு மணிக்குக் கூட்டைத் திறந்து, “பிள்ளையள், வெளிக்கிடுங்கோ,” என்பார். அவை ஆறுதலாக, ஒவ்வொன்றாக வெளியே வரும். கடைசிக் கோழி வாசலில் நின்று யோசிக்கும்; அதை அவர் ஒருநாளும் தள்ளியதில்லை.

முதல் முட்டை கிடைத்த கிழமைதான் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லித் திகதி, நேரம், முகவரி. காரணம் எழுதியிருக்கவில்லை. முன்பு இப்படிப் போன இரண்டு பேரை அங்கேயே மறித்துத் திரும்பவும் தடுப்பு முகாமில் வைத்ததை அவர் அறிவார்.

நேர்முகத்துக்கு முதல்நாள் பின்னேரம், வேலைக்குப் போக முன், என்னைக் கூட்டடிக்குக் கூப்பிட்டார்.

“மேல் கொளுக்கியைத் தூக்கிக்கொண்டு கீழதைத் தள்ளோணும். நரிக்காகப் போட்டது.”

திறந்தேன். மூடிவிட்டு மறுபடியும் திறக்கச் சொன்னார். மூன்றாம் தரம் கொளுக்கி தடங்கலின்றி விலகியது.

“நாளைக்குப் போறன். நாளையிண்டைக்குக் காலமை நான் இஞ்ச இல்லாட்டி, நீங்கள் வந்து திறந்து விடுவீங்களோ? ஏழு மணிக்கு மேல அதுகளை உள்ளுக்க வைச்சிருக்காதேங்கோ, தங்கச்சி.”