மணியடித்தாலும் போகக் கூடாது

இது எனக்கே நடந்தது. கேட்டவர்கள் கனவு என்றார்கள். கனவில் விழுந்தால் முழங்கை கிழியாது. எனக்கு ஏழு தையல் போட்டார்கள்.

எங்கள் ஹோட்டல் கொள்ளுத்தாத்தா கட்டியது. அறுபத்திரண்டு அறைகள், பளிங்குப் படிகள், வாசலில் தொப்பி வைத்த காவலாளி என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் தங்கும் இடம். அவர் ஒரு விதியையும் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு அறையிலும் வருடத்துக்கு ஓர் இரவு வீட்டு ஆள் யாராவது படுக்க வேண்டும். குழாய் சொட்டுகிறதா, தலையணை உறுத்துகிறதா என்று பார்த்துக் குறைகளை எழுத வேண்டும். அன்று நாம் மணியடித்தாலும் பணியாளர் யாரும் வரக் கூடாது. வந்தால் முதலாளியைக் காக்கா பிடிக்க எல்லாவற்றையும் அப்போதே சரிசெய்துவிடுவார்களாம். மகா கெட்டிக்காரர்.

அப்பாவுக்குப் பிறகு பொறுப்பு எனக்கு. எல்லா அறையிலும் படுத்து முடித்தால்தான் அந்த நாற்காலி. அறுபத்தொன்று முடிந்தது. மூன்றாம் மாடிக் கடைசி அறையை மட்டும் அப்பா பூட்டியே வைத்திருந்தார். குழாயெல்லாம் பழசு, அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு வீம்பு. அவர் வெளியூர் போன அன்று சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தேன்.

இரவு 10.15. பூட்டிய அறை போலவே இல்லை. தூசி கிடையாது. மெத்தையில் சுருக்கம் கிடையாது. எழுதக் குறையே இல்லையே என்று நினைத்தபடி, விளக்கை அணைக்காமல் தூங்கிவிட்டேன்.

1.50. வெளியே நடைவழியில் மணி.

டிர்ர்ர்... நின்றது. மறுபடியும் டிர்ர்ர்...

வேறு ஏதோ அறை என்று புரண்டு படுத்தேன். அப்போதுதான் கட்டிலை ஒட்டிய சுவரைப் பார்த்தேன். அழைப்பு மணியின் வெள்ளைப் பொத்தான் உள்ளே போனது... வெளியே வந்தது. உள்ளே போனது...

யாரும் அழுத்தவில்லை.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். கதவிடுக்கில் வெந்நீர் ஆவி வந்தது. நான் அங்கே குழாயைத் திறக்கவே இல்லை.

தலை கனத்தது. மூச்சு முட்டியது. எழுந்தேன். கால் துவண்டது. கண்ணாடி முக்காலி மேல் விழுந்தேன்... ரத்தம்.

செத்துவிடுவேன் என்று தெரிந்தது.

“அண்ணே... வாங்க...” என்று மாடிப் பணியாளரைக் கூப்பிட்டேன்.

காலடிச் சத்தம் வந்தது. கதவுக்கு வெளியே நின்றது.

திரும்பிப் போனது.

தவழ்ந்தேன்...

2.10. தாழ்ப்பாள் கைக்கு எட்டியது.

நடைவழியில் மாடிப் பணியாளர் நின்றார். நடுவயதுக்காரர், என்னைத் தூக்கி வளர்த்தவர்.

“ஒண்ணு அம்பதுலேர்ந்து அடிக்குதும்மா. வீட்டு ஆளு படுத்திருந்தா போகக் கூடாதுன்னு உத்தரவு. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்.”

அவரை அறையத்தான் தோன்றியது. ஆனால் விதி எங்களுடையதாயிற்றே.

காலையில் எலெக்ட்ரீஷியன் பொத்தானைக் கழற்றிப் பார்த்தார். பின்னால் கம்பியே இல்லை. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பே, என் அப்பா சொல்லி, இதே வேலை பார்த்த தன் தகப்பனார்தான் அதைப் பிடுங்கினார் என்றார்.

சாயங்காலம் அப்பா வந்தார். என் கைக்கட்டைப் பார்த்ததும் எந்த அறை என்றுகூடக் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார். பத்தொன்பது வயதில் தூக்கத்தில் மாரடைப்பு என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். அது பொய் என்று அப்பா இப்போதுதான் சொன்னார். அன்று அந்த அறையில் படுக்க வேண்டியது அப்பாவின் முறை. தம்பியைக் கெஞ்சிப் படுக்க வைத்துவிட்டு அவர் இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குப் போய்விட்டார். குளியலறையில் கேஸ் ஹீட்டர். விஷக் காற்று. தம்பி மணியை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

விதிப்படி மாடி ஆள் போகவில்லையா என்று கேட்டேன்.



“கெளம்பிட்டான்மா. நான் அப்பத்தான் சினிமா முடிஞ்சு படியேறி வந்தேன். விடுடா, தம்பி வெளையாடறான்னு நான்தான் அவன் கையைப் புடிச்சு நிறுத்தினேன்.”