கண்ணை மூடிய சம்மனசு

விசுவாசத்தில் எனக்கு உடன்பிறப்பாக இருக்கிறவர்களே, என் மகளுக்கு ஆண்டவர் செய்ததை வாய் திறந்து சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செஞ்சிக்கு மேற்கே, கோட்டையைத் தாண்டி இருக்கிறது. என் மகள் பெனிட்டா பிறக்கும்போதே பால் நிறம். முடி, புருவம், கண் இமை எல்லாமே வெளுப்பு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வானத்துச் சம்மனசு மாதிரி இருக்கிறாள் என்றார்கள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்லமாட்டேன். மூன்று வயதிலிருந்து மாதா திருவிழாவின் பகல் பவனியில் சம்மனசு வேஷம் அவளுக்கு என்றே ஆகிவிட்டது. சிறகு கட்டி டிராக்டரில் ஏற்றி விடுவோம். கைகூப்பி, கண்ணை இறுக மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்பாள். "இந்த வயசுல இன்னா பக்தி பாரு" என்று ஊரே மெச்சும். நான் ஓடிப்போய்த் தலையை மட்டும் நேராக நிமிர்த்திவிட்டு வருவேன்.

அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த ஜூன் மாதமே இடி விழுந்தது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "போர்டுல எழுதுனா பிள்ளைக்குத் தெரியலம்மா. கண்ணும் ஒரு இடத்துல நிக்காம ஆடுது. வெளியூர்ல பார்வை இல்லாத பிள்ளைங்களுக்கு ஆஸ்டலோட ஸ்கூல் இருக்குது, அங்க சேத்துடுங்க" என்றார். என் முந்தானையைப் பிடிக்காமல் தூங்காத பிள்ளை அவள். ஆறு வயதில் அவளை எங்கே கொண்டுபோய் விடுவது? நான் உடைந்து போனேன். அடுப்பில் சோறு குழைந்தது கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர், "படிப்பு முக்கியம்ல, இன்னா பண்றது" என்று ஃபாரம் வாங்கி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். திருவிழா முடிந்ததும் கொண்டுபோய் விடுவதாக முடிவு.

நான் ஒன்பது நாள் நவநாளும் ஒருவேளை சாப்பாட்டோடு ஜெபித்தேன். "மாதாவே, இவள் நிறத்தை மாற்றிக் கொடு, பிள்ளை என்னோடே இருக்கட்டும்" என்று கேட்டேன். நிறம் மாறினால் பார்வையும் வந்துவிடும் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

திருவிழா அன்று பவனியில் என் பக்கத்தில் எங்கள் தெரு அந்தோணியம்மா வீட்டு மருமகள் நடந்து வந்தாள். ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் வேலை செய்கிறவள். என் மகளையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் காதருகே, "அக்கா, கோச்சுக்காதீங்க. உங்க பொண்ணு ஜெபம் பண்ணல. வெயிலு தாங்காம கண்ண மூடிக்கினு இருக்குது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாதா தேரை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது? அவளோ டிராக்டரில் ஏறிக் குடையை விரித்துப் பிடித்தாள். பெனிட்டா மெதுவாகக் கண்ணைத் திறந்து, "அம்மா, இப்ப எரியல" என்றாள்.

நடுத்தெருவில் நின்று அழுதேன். நாலு வருஷமாகப் பிள்ளையை வெயிலில் நிறுத்திவைத்துப் பக்தி என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

மறு வாரமே அந்தப் பெண் எங்களைத் தன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இது அல்பினிசம் என்று டாக்டரம்மா சொன்னார். பிறவியிலேயே உடம்பிலும் கண்ணிலும் நிறம் குறைவு, அதனால்தான் வெளிச்சம் கூசுகிறது, கண் ஆடுகிறது. "தலைய சாய்க்கும்போது அவளுக்குக் கண் ஆட்டம் கொறையுது, அப்பதான் நல்லா தெரியுது. நிமித்தாதீங்க" என்றார். பவர் கண்ணாடி, வெளிச்சம் கூசாமல் இருக்க அதில் நிறச் சாயம், வெயிலுக்குத் தொப்பி, போர்டைப் பார்க்க ஒரு சின்ன தொலைநோக்கி, வகுப்பில் முதல் பெஞ்சு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "முழுசா சரியாவாது. ஆனா இதெல்லாம் செஞ்சா உங்க ஊர் ஸ்கூல்லயே படிக்கலாம்."

நான் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. ஆனால் எனக்கு வேண்டியது அதுதான்.

கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்த அன்று, பஸ் கோட்டையைக் கடக்கும்போது பெனிட்டா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். "அம்மா, மலை மேல யாரோ செவுரு கட்டி வச்சிருக்காங்க" என்றாள். பிறந்ததிலிருந்து அந்த வழியாகத்தான் போய் வருகிறாள். கண்டக்டர் உட்பட பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

டாக்டரம்மா கொடுத்த சீட்டை டீச்சரிடம் காட்டினேன். அவரே முதல் பெஞ்சில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காத பக்கமாக அவளுக்கு இடம் போட்டார். என் வீட்டுக்காரர் ஃபாரத்தைக் கிழித்துப்போட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் கைவிடமாட்டார். கேட்டுவிட்டு, பிள்ளையைக் கண் டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். பக்கத்தில் நடந்து வருகிறவர் மூலமாகவும் அவர் பதில் சொல்வார், அப்போது என்னைப்போல் கோபப்படாதீர்கள்.

பெனிட்டா இப்போது மூன்றாம் வகுப்பு. இன்று காலை ஜடையை இறுக்கிப் பின்னிவிட்டேன் என்று என்னோடு சண்டை போட்டு, பேசாமலே பள்ளிக்குப் போயிருக்கிறாள். நாலு மணிக்கு வந்துவிடுவாள். ஆண்டவருக்கு நன்றி.