கல்லுக்கு அடியில் கரி

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பம்புசெட்டுக்குப் பெல்ட் மாற்றியது. ஃபித்தா சக்கரத்தை மெல்ல உருட்டினாள். அவ்வாத் பெல்ட்டின் விளிம்பைக் கம்பியால் நெம்பி ஏற்றினார்.

"என்ஜின் கோணலா நிக்குதுப்பா. அதான் பெல்ட்டு ஒரு பக்கமாத் தேயுது."

"என்ஜினீயரம்மா, சம்பளம் வாங்குற இடத்துல போய் இதைச் சொல்லு. இங்க தண்ணி வந்தாப் போதும்."

தண்ணீர் வந்தது. பருத்திக்கு அதுதான் கடைசித் தண்ணீர். இருவரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து ரொட்டியும் தக்காளியும் தின்றார்கள். அன்று மாலையே அவள் ஹஸக்கா நகரத்துக்கு பஸ் ஏறினாள். நில அளவை அலுவலகத்தில் மறுநாள் வேலை இருந்தது.

அவ்வாத் பிறந்த ஊர் யூப்ரடீஸ் கரையில் இருந்தது. அணை கட்டினார்கள். ஊர் ஏரிக்கு அடியில் போயிற்று. ஊராரை லாரிகளில் ஏற்றி நாட்டின் வடக்கு எல்லையில் இறக்கினார்கள். அங்கே ஒரே அச்சில் வார்த்தாற்போல் வீடுகள், அவற்றைத் தாண்டிச் செம்மண், செம்மண்ணைத் தாண்டி முள்வேலி. ஊருக்கு ஜதீதா என்று பெயர். புதுசு என்று பொருள்.

கொடுத்த நிலம் சும்மா கிடந்த நிலமல்ல. பக்கத்து ஊரான கிர்ஸோரில் இருந்த குர்துகளிடமிருந்து அரசாங்கம் எடுத்து, துண்டுகளையெல்லாம் ஒன்றாக்கிப் பங்கு போட்டது. இறங்கிய அன்று அவ்வாத்துக்கு அது தெரியாது. முதல் உழவின்போது எல்லைக் கற்களைப் பிடுங்கச் சொன்னார்கள். பிடுங்கும்போது தெரிந்தது.

கிர்ஸோர்க்காரர்கள் சண்டைக்கு வரவில்லை, பேசவும் இல்லை. எதிரில் வந்தால், அவர் நிற்கும் இடத்தில் யாருமே இல்லாததுபோல் வேலியைப் பார்த்தபடி போனார்கள். வருஷங்கள் போகப் போக ஜதீதாவிலும் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். மனைவி இறந்தாள். மகள் படிக்கப் போனாள், வேலைக்குப் போனாள். சாயங்காலங்களில் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் எரியும் இன்னொரு நாட்டின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீ கெட்டில் ஒரு ஆளுக்குப் பெரிது. சின்னதாக ஒன்று வாங்கவில்லை. மிஞ்சிய டீயை விடிந்ததும் சூடாக்கிக் குடித்தார்.

அவரோடு பேசியவன் கிர்ஸோரில் ஒருவன்தான். அவன் ஷேமூஸ், நிலத்தின் பழைய சொந்தக்காரன். கழுதையில் போகும்போது, ஆற்றங்கரையிலிருந்து வந்தவரைக் கேலியாகக் கூப்பிடுவான்.

"ஏ மீன்காரா! கோதுமை விதைக்கிறியா, தூண்டில் போடுறியா?"

"ரெண்டும்தான். நீ மாட்டினா நல்ல விலைக்குப் போவே."

"என்னை விலைக்கு வாங்க ஆள் இன்னும் பொறக்கல."

"வா, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ."

"என் நிலத்துல நான் விருந்தாளியா உக்காரணுமாக்கும்!" என்று சொல்லிக் கழுதையைத் தட்டிவிடுவான். வருஷாவருஷம் இதே அழைப்பு, இதே பதில்.

பெல்ட் மாற்றிய சில நாட்களில் அவ்வாத் மகளுக்கு ஃபோன் செய்தார். வழக்கமாக, "சாப்பிட்டியா, வெச்சிடவா" என்பதோடு முடித்துவிடுபவர் அன்று நிறையப் பேசினார். ஷேமூஸ் வந்து வரப்பில் உட்கார்ந்தானாம். மூச்சு வாங்கியதாம். கழுதையும் இல்லையாம்.

"ஒண்ணு கேட்டான்மா. அவன் அப்பன் எல்லைக் கல்லு நடறப்போ, ஒவ்வொரு கல்லுக்கு அடியிலயும் ஒரு கூடை கரி கொட்டினானாம். கல்லை நகர்த்திரலாம், கரி மக்காது, மண்ணுக்குள்ள சாட்சியா கிடக்கும்னு. சின்னப் பையனா இவன்தான் கூடையைத் தூக்கினானாம். 'அது இருக்கா, உழுது கலைச்சிட்டியா'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருக்குன்னேன். பொய்யின்னான். நாலு இடத்துலயும் கலப்பையைத் தூக்கித்தான்டா ஓட்டுறேன், இத்தனை வருசமாவும்னேன். கல்லைப் பிடுங்கினப்பவே கரியைப் பாத்துட்டேன்னும் சொன்னேன். அப்புறம் 'காட்டு'ன்னான்."

சின்ன வயதில் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து போகும்போது ஃபித்தா அதைப் பார்த்திருக்கிறாள். நடு வயலில் கலப்பை எழும்பி, மறுபடி இறங்கும். பாறை இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"எங்கிட்ட ஏம்பா சொல்லல?"

"உனக்குத் தெரிஞ்சா வரைபடத்துல ஏத்திருவே. ஏத்தினா எவனாச்சும் வந்து தோண்டுவான்."

"இப்பவாச்சும் வந்து குறிச்சுக்கவா?"

"எதுக்கு? பருத்தி எடுக்கட்டும். முதல் மழை விழுந்ததும் வரச் சொல்லியிருக்கேன். ஈரத்துல கரி பட்ட மண்ணு நல்லாத் தெரியும். காட்டிட்டு, அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் டீ குடிக்க வெக்கணும். 'முதல்ல காட்டு, டீயைப் பத்தி அப்புறம் பேசலாம்'னுட்டான் பாவி." சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து அவள் கேட்டு நாளாகியிருந்தது.

பருத்தி எடுத்து முடித்த வாரம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். ஜதீதாவிலேயே அடக்கம் செய்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கூடாரத்தில் கசப்புக் காப்பி ஊற்றிய மூன்றாம் நாள் மழை பெய்தது.

மழை விட்டதும் ஷேமூஸ் வந்தான். கூடாரத்துக்குள் வரவில்லை, வரப்பில் நின்றான். ஃபித்தா அவனிடம் போனாள்.

"உங்கப்பன் என்னை ஏமாத்திட்டான், மவளே" என்றான். "முதல் மழைன்னான். நான் வந்துட்டேன்ல?"

"நாமளே தேடிப் பாப்போம், மாமா."

பிடுங்காத பருத்திக் கட்டைகளுக்கு நடுவே இருவரும் நடந்தார்கள். நனைந்த செம்மண் எங்கு பார்த்தாலும் ஒரே கறுப்பாகத் தெரிந்தது. அலுவலக வரைபடங்களில் பழைய எல்லைகள் இல்லை. ஷேமூஸ் அடையாளம் வைத்திருந்த பிஸ்தா மரத்தையும் அந்தக் காலத்திலேயே வெட்டிவிட்டார்கள். அவன் ஓரிடத்தில் நின்றான், தலையை ஆட்டினான், வேறிடத்துக்குப் போனான். வயலின் மறு ஓரம் வந்துவிட்டது.

"வீட்டுக்கு வாங்க மாமா, ஒரு வாய்..."

"காட்டினதுக்கு அப்புறம்னுதான் பேச்சு" என்று சொல்லிவிட்டு அவன் கிர்ஸோர்ப் பாதையில் இறங்கினான்.

கோதுமை விதைப்புக்கு உழ அடுத்த வாரம் டிராக்டர் கொண்டு வருவதாகப் பெரியப்பா மகன் ராக்கான் சொன்னான்.

"நாலு இடத்துல கலப்பையைத் தூக்கி ஓட்டணும், அண்ணே."

"தூக்கிட்டாப் போச்சு. எந்தெந்த இடம்?"

ஃபித்தா வயலைப் பார்த்தாள்.

"இப்போதைக்கு உழ வேண்டாம்" என்றாள். "இன்னும் ஷேமூஸுக்குக் காட்டல."