மல்லிகா அக்காவின் சீஸ் ஊத்தப்பம்

மல்லிகா அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவருடைய தங்கை போன் செய்தபோது, அக்கா வராததால் கடையில் நானே வார்த்த ஊத்தப்பம் கல்லில் வெந்துகொண்டிருந்தது. "இதோ வரேன்" என்று போனை வைத்தேன். அடுப்பை அணைக்கவில்லை. சீஸைத் துருவிப் போட்டு மூடினேன். சாப்பிட ஆட்கள் காத்திருந்தார்கள் என்பதெல்லாம் வெறும் சாக்கு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் கிளம்பினேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

செங்கம் சாலையில் எங்கள் கடையில் காலைச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் அக்காவை மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் முழுக்க அவர் பொறுப்பு. சுட்ட காய்கறியையும் சீஸையும் ரொட்டியில் வைத்துக் கொடுக்கலாம் என்று நான் ஆரம்பித்த அன்றே முகத்தைச் சுளித்தார். "ரொட்டி ஜுரம் வந்தவங்களுக்குத்தாம்மா. மாவு இருக்குது இல்ல?" என்று கனமாக ஒரு ஊத்தப்பம் வார்த்து, காயையும் சீஸையும் அதன்மேல் பரப்பினார். சீஸைப் பற்றியும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "பாலைக் கெடுத்துட்டு அதுக்கு ஒரு பேரும் வெச்சிட்டாங்க" என்பார். ஆனால் கல்லில் ஒட்டி முறுகிய சீஸைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வார். நான் பார்க்காதது போல இருந்துவிடுவேன்.

ஒருமுறை வெளிநாட்டுக்காரர் ஒருவர், கத்திரிக்காய் தீய்ந்துவிட்டது என்று தட்டைத் திருப்பி அனுப்பினார். நான் மன்னிப்புக் கேட்கப் போவதற்குள், அக்கா அதே தட்டோடு அவர் மேசைக்குப் போய் நின்றார். "கருகினாதாம்பா ருசி. சாப்புடு." தமிழில்தான் சொன்னார். அந்த மனிதர் பயந்துபோய்ச் சாப்பிட்டார். ஊருக்குக் கிளம்பும்வரை தினமும் வந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கீழ்பென்னாத்தூரில் அக்கா வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. அக்கம்பக்கத்தார் இட்லி கொண்டுவந்திருந்தார்கள். நான் எனக்குத் தெரிந்ததைக் கொண்டுபோனேன். போய்ச் சேர்வதற்குள் சீஸ் இறுகிவிட்டது. அக்காவின் கணவர் ஒரு விள்ளலை வெகுநேரம் மென்றார்.

"இதைத்தான் தினம் செஞ்சாளா? நல்லாத்தான இருக்குது. ஒருநாள் எடுத்துட்டு வாடின்னு கேட்டேன். ஆறிட்டா நல்லா இருக்காதுன்னுட்டா."

அது அக்காவின் வார்த்தை இல்லை, என்னுடையது. வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போகட்டுமா என்று அக்கா கேட்டபோது நான் சொன்ன பதில். பொய் இல்லைதான். ஆனால் என் மனதில் ஓடியது சீஸ் விற்கிற விலை. அக்காவுக்கு அது புரியாமல் இருந்திருக்காது. அப்படியும் வீட்டில் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கணவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரியம் முடிந்தபின் ஒருநாள் காலையில் அக்காவின் கணவர் கடைக்கு வந்தார். சூடாகச் செய்து கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து கேட்டார்.

"அவ செஞ்சா இன்னும் நல்லா இருக்குமா?"

"இருக்கும்ங்க."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவின் கைப்பக்குவத்தில் பாதியாவது என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அவர் கணவருக்கு அந்தக் கையால் சுடச்சுட ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. "அவரை இங்க கூட்டிட்டு வாங்கக்கா" என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் போதும், கிடைத்திருக்கும்.