பக்கத்தில் நடக்க மூன்று மீட்டர்

ஊரில் ரோடு போடுகிறவனைத் திட்ட ஆயிரம் பேர் உண்டு. ரோட்டோரத்தில் மனுஷன் நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் இடம் அளக்கிறவனைத் திட்டக்கூட ஆள் கிடையாது, ஏனென்றால் அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது.

எனக்கு அந்த வேலைதான். சென்னையில் இருக்கும் ஒரு ஆலோசனை நிறுவனத்துக்காகப் பல ஊர்களில் அளந்துவிட்டு, கடைசியில் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தேன். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கமிருந்து திருவண்ணாமலை டவுனுக்குள் போகிற மெயின் ரோட்டின் ஓரமாக, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் சேர்த்து ஒரே பாதை. எங்கே, எவ்வளவு அகலம் என்று பிளான் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. வீடும் வேங்கிக்காலிலேயே. சொந்த வீடு, வீட்டுச் சாப்பாடு, கொடுத்து வைத்தவன் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வீட்டில் நான் ஒருத்தன் மட்டும்தான் இருந்தேன் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். தானே ரசம் வைத்து, தானே சாப்பிட்டு, "இன்னிக்கு உப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்று தனக்குத்தானே குறை சொல்லிக்கொள்ளும் கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்றால், மேலே படியுங்கள். நாம் ஒரே கட்சி.

டேப்பின் அந்த முனை

அளக்கிற டேப்புக்கு இரண்டு முனை. ஒன்றை நான் பிடிப்பேன். இன்னொன்றைப் பிடிக்க உதவிக்கு ஆள் அனுப்புவதாக ஆபீஸில் சொன்னார்கள், சொன்னதோடு சரி. நானும் ஒரு கல்லை எடுத்து நுனி மேல் வைத்துவிட்டு முன்னால் நடப்பேன். பாதி தூரம் போவதற்குள் ஒரு பஸ் பறந்து வரும். அது போகிற வேகத்தில் கல் புரண்டு, டேப் சர்ரென்று என் கையிலிருக்கும் டப்பாவுக்குள் ஓடி வந்துவிடும். மறுபடி கல், மறுபடி பஸ், மறுபடி சர்ர்.

மூன்றாவது தடவை டேப் ஓடி வந்தபோது, அங்கே டீக்கடை வைத்திருக்கும் கஸ்தூரி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நுனியைக் குனிந்து பிடித்தார். அவர் புண்ணியத்தில் அந்த இடம் முழுக்க அளந்தேன். தார் முடிகிற இடத்திலிருந்து சாக்கடை வரை, முள்ளும் மேடுமாகக் கிடந்தாலும், மூன்று மீட்டரும் கொஞ்சமும் இருந்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மீட்டர் மண்ணுக்கு ஒரு மனுஷன் இப்படிக் குதிப்பானா என்று பார்த்த கஸ்தூரி, டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"அந்த முனையப் புடிக்க ஆளு இல்லாதவருக்கு எதுக்கு சார் இவ்ளோ நீட்டு டேப்பு?"

கோமதியின் முழங்கால்

என் மனைவி கோமதி மகளின் பிரசவத்துக்கென்று புனே போனாள். மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள். பேத்தி பிறந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது ஹிந்தியில் என்னை அதட்டவும் ஆரம்பித்துவிட்டாள், கோமதி வந்தபாடில்லை. சண்டையெல்லாம் இல்லை. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வருவாள். பேத்தி போனைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடும். பாதி நாள் நான் அவர்கள் வீட்டு ஃபேனோடுதான் பேசிக்கொண்டிருப்பேன்.

அவளுக்கு முழங்கால் வலி. தினம் நடந்தே ஆகணும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே அபார்ட்மெண்டுக்குள்ளேயே நடக்க இடம் இருக்கிறது. இங்கே வாசலைத் தாண்டினால் லாரிக்கும் பஸ்ஸுக்கும் வழி விட்டு, சாக்கடை ஓரமாக ஒருத்தர் பின்னால் ஒருத்தராகத்தான் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு அப்படித்தான். நான் முன்னால், அவள் பத்தடி பின்னால்.

மூன்று மீட்டர் இருப்பது தெரிந்த அன்றைக்கு அவளிடம் மூச்சு விடாமல் விளக்கினேன். மூன்று மீட்டர் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம், பின்னால் வருகிற சைக்கிள் மணியடித்துவிட்டுத் தாண்டியும் போகலாம். அவ்வளவு இடமும் வாங்கிக் கொடுப்பது இனி என் வேலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"ரெண்டு பேரு சேந்து நடக்குற மாதிரி எடம் வந்துட்டா சொல்லுங்க, டிக்கெட் போட்டுடறேன்."

எண்ணக் கூடாத நாள்

அகலத்தை முடிவு செய்வது என் ஆசை இல்லை, எண்ணிக்கை. ஒரு சாதாரண நாளில் அந்த ரோட்டில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை சைக்கிள் போகிறது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து தாளில் கோடு கோடாகப் போட வேண்டும். அந்தச் சாதாரண நாள் எது என்று சென்னையில் முடிவு செய்து எனக்குத் தேதி அனுப்பினார்கள். கஸ்தூரி கடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள் பாருங்கள்! சென்னைக்காரர்கள், ஆந்திராக்காரர்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்டவர்கள். நானும் விடாமல் கோடு போட்டேன். கொண்டுபோன தாள் தீர்ந்து, கஸ்தூரி கடை காலண்டரில் ஒரு தாளைக் கிழித்தேன். அதைத் திருப்பும்போதுதான் கண்ணில் பட்டது, பௌர்ணமி, கிரிவல நாள்.

சென்னைக்காரன் மறக்கலாம். மலையைப் பார்த்து வளர்ந்தவன் நான் மறக்கலாமா? கோமதி இருந்திருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பாள். தனியாக இருப்பவனுக்கு நாள் கிழமையே தெரியாமல் போய்விடுகிறது. அந்த ஆத்திரத்தைக் கஸ்தூரியிடம் காட்டினேன், காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. வழக்கத்தைவிட மூன்று பங்கு பால் காய்ச்சிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்:

"நீங்க ஏதோ வேண்டுதலுக்கு எண்ணுறீங்கன்னு நெனச்சேன் சார்."

முப்பது நாற்காலி

பாதை போடும் முன் ஜனங்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று விதி. வேங்கிக்காலில் ஒரு ஹால் பிடித்து, முப்பது நாற்காலி போட்டு, சுவரில் பிளானை ஒட்டி, பிஸ்கெட் வாங்கி வைத்தேன். காலை பத்து மணிக்குக் கூட்டம். பதினொன்றரைக்கு ஒரு பெரியவர் வந்தார், கையில் மஞ்சள் பை. எழுந்து நின்று கும்பிட்டு வரவேற்றேன். அவரும் கும்பிட்டு, மடித்த மனுவை என் கையில் வைத்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் அவருடைய மல்லாட்டைக் கொல்லையை, அதாவது வேர்க்கடலை நிலத்தை, யாரோ தப்பாக அளந்து எல்லைக்கல் நட்டுவிட்டார்களாம். திங்கட்கிழமையானதால் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். மனுஷர் ஹால் மாறி வந்துவிட்டார்.

தப்பான இடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவரும் போய்விடுவார். உட்கார வைத்து, பிஸ்கெட் கொடுத்து, கொல்லையின் கதை முழுக்கக் கேட்டேன். அப்புறம் நானே கூட்டிக்கொண்டு போய்ச் சரியான வரிசையில் நிற்க வைத்தேன். எதிலும் அவருக்கு உதவவில்லையே என்று வருத்தம் தெரிவித்தேன். அவர் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சொன்னார்:

"அட போங்க சார், இத்தினி வருஷத்துல உக்கார வச்சிக் கேட்டவரு நீங்க ஒருத்தருதான்."

இரண்டு கட்டத்தில் அடங்காதவர்

பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்து மறுபடி எண்ண உட்கார்ந்தேன். தாளில் இரண்டே கட்டம்: நடப்பவர், சைக்கிளில் போகிறவர். காலை ஒன்பது மணிக்கு சலீம் பாய் வந்தார். டவுனில் தையல் கடை வைத்திருப்பவர். கேரியரில் துணி மூட்டையைக் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கையில் டிபன் தூக்கு. இவரை எங்கே போடுவது? நடக்கிறார், ஆனால் கையில் சைக்கிள் இருக்கிறது. சைக்கிள் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை. பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, தண்ணீர்க் குடம், கீரைக்கட்டு, சிலிண்டர் என்று எதையாவது ஏற்றிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் அந்த ரோட்டில் ஏகப்பட்ட பேர். சும்மா நடக்கிறவரைவிட இரண்டு மடங்கு இடம் வேண்டும் அவர்களுக்கு. ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் கிழித்தேன். 'தள்ளுபவர்' என்று தலைப்பு எழுத இடம் பற்றாமல், 'தள்ளு' என்று எழுதி நிறுத்திக்கொண்டேன்.

"என்ன பாய், பஞ்சரா?" என்று கேட்டேன். அவர் மனைவி தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பாய் டயரை ஒரு அமுக்கு அமுக்கிக் காட்டினார். கல் மாதிரி இருந்தது.

"ஏறி மிதிச்சா பத்து நிமிஷத்துல கடைக்குப் போயிடுவேன் சார், அப்புறம் இவங்ககிட்ட எப்பப் பேசுறது?"

தள்ளு

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. முப்பது வருஷத்தில் கோமதியோடு நடந்துகொண்டே என்னதான் பேசியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். "சீக்கிரம் வா" என்றது ஞாபகம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

தாள்களைச் சென்னைக்கு அனுப்பினேன். நாலாம் நாள் மேலதிகாரி போனில் வந்தார். ஆள் நடமாட்டம் ரொம்பக் கம்மி, மூன்று மீட்டர் எதற்கு, ஒன்றரை மீட்டர் போதும், மீதியை வண்டி நிறுத்த விட்டுவிடலாம் என்றார். ஒன்றரை மீட்டர் என்றால் பழைய கதைதான், ஒருத்தர் பின்னால் ஒருத்தர். நாள் பூராவும் உட்கார்ந்து எண்ணியவன் நான், எப்படிக் குறையும்? கம்ப்யூட்டரில் ஏற்றிய கணக்கை அனுப்பச் சொல்லிப் பார்த்தால் மூன்றாவது கட்டமே இல்லை. சலீம் பாயைக் காணோம். கீரைக்காரர்களைக் காணோம். கணக்கை ஏற்றிய பெண்ணைப் போனில் பிடித்து, எங்கேம்மா அந்தக் கட்டம் என்று கத்தினேன். பாவம், அந்தப் பெண் கொஞ்சமும் பதறாமல் சொன்னது:

"நீங்கதானே சார் மேல 'தள்ளு'ன்னு எழுதியிருந்தீங்க, அதான் தள்ளிட்டேன்."

சுண்ணாம்புக் கோடு

தப்பு தெரிந்தும் மேலதிகாரி இறங்கி வரவில்லை. தள்ளுகிறவனும் நடக்கிறவன்தானே, அகலத்தில் என்ன வித்தியாசம் என்றார். நீங்களே வந்து ஒரு தரம் பாருங்கள் என்று விடாமல் நச்சரித்து வரவழைத்தேன். கஸ்தூரி கடைக்கு முன்னால் தாரை ஒட்டி ஒன்றரை மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, சலீம் பாயையும் அவர் மனைவியையும் அதற்குள் நடந்து காட்டச் சொன்னேன்.

நாலு எட்டு வைத்திருப்பார்கள். சைக்கிளுக்கும் பாய்க்குமே இடம் சரியாகப் போய், அந்தம்மா கோட்டைத் தாண்டித் தார் மேல் காலை வைத்தார். அதற்குள் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. சட்டென்று ஒதுங்கிப் பாய்க்குப் பின்னால் போய்விட்டார். எனக்கு ரொம்பத் தெரிந்த காட்சி அது. "பாருங்க சார், பேச்சு நின்னுபோச்சு!" என்று என்னையும் மீறிக் கத்திவிட்டேன். மேலதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பாயிடமே திரும்பி, உங்களுக்கு எவ்வளவு அகலம்தான் வேண்டும் என்று கேட்டார். பாய் சைக்கிளை நிறுத்தி, பின்னால் நின்ற மனைவியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஜாஸ்தி கேக்கல சார், இவங்க பேசுறது என் காதுல விழுற அளவுக்கு இருந்தா போதும்."

பத்து நாள் டிக்கெட்

மூன்று மீட்டருக்குக் கையெழுத்து விழுந்தது. நிஜப் பாதை வருவதற்கு இன்னும் டெண்டர், அது இது என்று எவ்வளவோ இருக்கிறது. ஆனாலும் கஸ்தூரி கடையிலிருந்து அடுத்த வளைவு வரைக்கும் முள்ளை வெட்டி, மண்ணைச் சமமாக்கி, மூன்று மீட்டர் விட்டு இரண்டு பக்கமும் கோடு போட்டோம். போட்டோ எடுத்துக் கோமதிக்கு அனுப்பினேன். சொன்ன சொல் மாறாமல் டிக்கெட் போட்டாள். வருவதற்கும், பத்து நாள் கழித்துத் திரும்பிப் போவதற்கும் சேர்த்தே போட்டிருந்தாள். இரண்டாவது டிக்கெட்டை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

வந்த மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு போனேன். "அந்த முனைக்கு ஆளு வந்துட்டாங்க போல!" என்று கஸ்தூரி டீயை நீட்டினார். கோமதிக்கு ஒன்றும் புரியவில்லை, நான் விளக்கவில்லை. இரண்டு பேரும் கோட்டுக்குள் இறங்கினோம். என்னென்ன பேச வேண்டும் என்று முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன். சலீம் பாய் கதை சொன்னேன், 'தள்ளு' கதை சொன்னேன், மஞ்சள் பைக்காரர் கதை சொன்னேன். எந்தக் கதைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தால், என் பக்கத்தில் ஆள் இல்லை. சரியாகப் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"இவ்ளோ எடம் இருக்கே கோமதி, பக்கத்துல வாயேன்" என்றேன். குரல் எனக்கே கெஞ்சுவது போலத்தான் கேட்டது. நான் நின்றேன். அவளும் நின்றாள். சிரித்துக்கொண்டே கையால் முன்னால் காட்டினாள்:

"இருக்கட்டுங்க, பழகிப்போச்சு, நீங்க முன்னாடி போங்க, நான் வரேன்."

ஒன்றரை மீட்டரே போதும் என்று மேலதிகாரி சொன்னபோது, அவரிடம் நான் அத்தனை சண்டை போட்டிருக்க வேண்டாம்.